விண்கலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்: அவளைக் கொன்றது கணக்கா, கதாசிரியரா?

நெய்தல் வாசகி எழுதியது:

அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை, எழுதிப் பழகுகிறவர்களிடம் மூத்தவர்கள் தவறாமல் படிக்கச் சொல்லும் கதைகளில் ஒன்று டாம் காட்வின் எழுதிய ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’. 1954 ஆகஸ்ட் மாத ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிபுனை இதழில் வெளிவந்த அந்தக் கதையைச் சுற்றி எழுந்த சண்டை எழுபது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. அதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும் என்ற விருப்பத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன். முடிவைச் சொல்லாமல் இந்தக் கதையைப் பேச முடியாது. ஆகவே படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

படித்து நாளாகிவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வோடன் என்ற கோளில் ஆறு பேர் கொடுங்காய்ச்சலில் கிடக்கிறார்கள். அவர்களுக்கான மருந்தோடு பார்ட்டன் என்ற விமானி ஒரு பெரிய தாய்க்கலத்திலிருந்து ஒரு சிறிய அவசரக் கலத்தில் தனியாகப் போகிறான். கலத்தின் எடைக்கும் அவன் எடைக்கும் மருந்தின் எடைக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு எரிபொருள்தான் கொடுத்திருக்கிறார்கள். சாமான் அறையின் வெப்பத்தைக் காட்டும் சின்னஞ்சிறு முள் நகர்ந்திருப்பதைப் பார்த்ததும், உள்ளே ஓர் உடல் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒளிந்து ஏறியவரைக் கண்டுபிடித்த உடனே வெளியே தள்ளிவிட வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியோடு கதவைத் திறக்கச் சொன்னால், வெளியே வந்து நிற்பவள் பதினெட்டு வயது மர்லின். வோடனில் வேலை பார்க்கும் அண்ணன் ஜெர்ரியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஏறியவள். பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறாள். பெற்றோருக்கும் அண்ணனுக்கும் கடிதம் எழுதுகிறாள். வானொலியில் அண்ணனோடு சில நிமிடங்கள் பேசுகிறாள். பிறகு தானே, கலத்துக்கும் வெற்றுவெளிக்கும் இடையிலுள்ள காற்றடைப்பு அறைக்குள் போய் நிற்கிறாள். விமானி நெம்புகோலை இழுக்கிறான்.

முதல் வாசிப்பில் இந்தக் கதை என்னை முழுமையாக ஆட்கொண்டது. இரண்டாம் வாசிப்பில் கோபம் வந்தது. மர்லின் நுழைந்த கதவில் ‘அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது’ என்று ஒரு பலகை மட்டும் இருந்தது. பூட்டு இல்லை, காவலர் இல்லை, புறப்படும் முன் அறையைத் திறந்து பார்த்தவரும் இல்லை. ஒளிந்து ஏறியவரைக் கொல்லச் சட்டம் எழுதத் தெரிந்த ஒரு சமூகத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியாதா?

இதை வெறும் வம்புக்காகக் கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவின் அடியில் அமைந்த ஓர் எதிர்கால ஆய்வு நிலையத்தை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூச்சுக்காற்று நான்கு பேருக்கு இருக்கிறது. உள்ளே ஐந்து பேர் இருக்கிறார்கள். கைப்பிரதியைப் படித்த என் தோழியர் அழவில்லை. “ஏன் இன்னொரு படகு வரவில்லை?” என்றுதான் கேட்டார்கள். வாசகர் ஓட்டை தேடுவதை எழுத்தாளர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பழைய பொறிஞர் எழுதியது:

பொறியியல் பக்கத்திலிருந்து பேசத் தொடங்குகிறேன், சகோதரி. முதலில் காட்வினுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சேர்த்துவிட வேண்டும். ‘ஒரு சிறு பெண்ணின் எடை ஒரு விண்கலத்தை விழத்தாட்டுமா?’ என்று கேட்பவர்கள் ராக்கெட்டைப் பேருந்து போல நினைத்துக்கொள்கிறார்கள். பேருந்தில் ஒருவர் கூடுதலாக ஏறினால் டீசல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். ராக்கெட்டில் கூடுதல் எடையைத் தூக்க எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்க மேலும் எரிபொருள் வேண்டும். சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு சொல்வது இதைத்தான். நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட் தரையில் நின்றபோது அதன் எடை சுமார் 2,900 டன். அதில் நிலவை நோக்கிப் போனது சுமார் 45 டன் மட்டுமே.

ஆகவே எரிபொருளுக்கும் எடைக்கும் உள்ள உறவு அந்தக் கதையில் பொய்யில்லை. பொய் வேறிடத்தில் இருக்கிறது. எடை உண்மையிலேயே உயிர்ப்பிரச்சினையாக இருக்கும் ஒரு கலம் எப்படி இருக்கும் என்பதற்கு அப்பல்லோவின் நிலவிறங்கு கலமே சான்று. எடையைக் குறைப்பதற்காக அதன் வடிவமைப்பாளர்கள் சன்னல்களைச் சிறிதாக்கினார்கள், இருக்கைகளையே எடுத்துவிட்டார்கள். விண்வெளி வீரர்கள் நின்றுகொண்டேதான் நிலவில் இறங்கினார்கள். அறையின் உலோகச் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான் இருந்தது. அத்தகைய சிக்கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு காட்வினின் கலத்துக்குள் நுழைந்து பாருங்கள். கதவுள்ள ஒரு சாமான் அறை இருக்கிறது. பெண் உட்காரும் அளவுக்குப் பெரிய பெட்டி ஒன்று கட்டுப்பாட்டுக் கருவிகளை மூடிக்கொண்டிருக்கிறது. விமானியிடம் துப்பாக்கி இருக்கிறது. கழற்றி எறியக்கூடிய பொருள்களின் பட்டியலை ஒரு தொழிற்பயிற்சி மாணவர்கூடப் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார். அவற்றைக் கழற்றி எறிந்தாலும் பெண்ணின் எடைக்கு ஈடாகாது என்று காட்வின் காட்டியிருக்கலாம். அப்படிக் காட்டியிருந்தால் கதை இன்னும் கொடூரமாக, இன்னும் நேர்மையாக இருந்திருக்கும். ஆனால் விமானி அப்படி ஒரு முயற்சியைச் செய்து பார்ப்பதே இல்லை.

மற்றொன்று, அவசரத்துக்கென ஒதுக்கி வைக்கும் எரிபொருள். அப்பல்லோ 11 இறங்கும்போது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, எரிபொருள் தீரப்போவதைக் குறித்து ‘முப்பது நொடி’ என்று எச்சரித்தார்கள். அவ்வளவு நெருக்கடியிலும், இறங்க முடியாமல் போனால் மேலேறித் திரும்ப ஒரு தனி எஞ்சினும் அதற்கான எரிபொருளும் வைத்திருந்தார்கள். எதிர்க்காற்று வீசலாம், கருவி பிசகலாம், கணக்கில் ஒரு சிறு பிழை நேரலாம். அப்படி ஒதுக்கி வைத்த எரிபொருளே இல்லாமல் ஒரு மருந்துக் கலத்தை அனுப்புகிற நிர்வாகம், கீழே காத்திருக்கும் அந்த ஆறு நோயாளிகளின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறது. அந்த நிர்வாகத்தைப் பற்றிக் கதை ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. எல்லாப் பழியையும் இயற்கை விதியின் தலையில் சுமத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது. என் புகார் இதுதான்.

அரைநிலவு எழுதியது:

நீங்கள் இருவரும் சொல்வதை மறுக்க என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் அந்தக் கதையில் பூனைக்குட்டி வரும் இடத்தை நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள். மர்லினின் பூனைக்குட்டி சிறு வயதில் அடிபட்டுச் செத்துப்போகிறது. அவள் அழக்கூடாது என்பதற்காக, ஜெர்ரி கடைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வேறொரு குட்டியை வாங்கி வந்து, அதுவேதான் திரும்பி வந்துவிட்டது என்று அவளை நம்பவைக்கிறான். சாகப்போகும் நேரத்தில் அவள் அதை விமானியிடம் சொல்கிறாள். தங்கைக்காகச் சாவைக்கூட மாற்றிக்காட்டிய அண்ணனால் இந்தச் சாவை மாற்ற முடியவில்லை என்பதை அந்த ஒரு நினைவு சொல்லிவிடுகிறது. இதைப் படிக்கும்போது எனக்குத் தாழ்ப்பாள் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராதபடி செய்ததே எழுத்தாளரின் திறமை இல்லையா? நல்ல கதையைப் படிக்கும்போது, பொறிஞர்கள் கணக்குப் போடும் இழைகோலோடு உட்கார வேண்டிய கட்டாயம் என்ன?

இதழ்ப் பரண் எழுதியது:

அரைநிலவு கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அதற்கான பதில் கதைக்குள் இல்லை. கதை வெளியான இதழிலும், அந்த இதழைப் படித்த கூட்டத்திலும் இருக்கிறது. சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அதன் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் முகவரியும் அச்சாயிற்று. முகவரியைப் பார்த்து வாசகர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். கடிதங்களிலிருந்து சங்கங்களும், சங்கங்களிலிருந்து கையால் உருட்டி அச்சிட்ட ரசிகர் இதழ்களும், அவற்றிலிருந்து 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிபுனை மாநாடும் பிறந்தன. இந்தக் கூட்டத்தில் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் பதிப்பாசிரியர்களாகவும் ஆனார்கள். ஆக, இந்த வகை எழுத்தில் வாசகர் என்பவர் தொடக்கம் முதலே எதிரே உட்கார்ந்து பேசுகிற ஒருவர். பாராட்டிக் கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறவர் இல்லை.

‘அஸ்டவுண்டிங்’ இதழுக்கு 1937-இன் இறுதியில் ஆசிரியராக வந்த ஜான் கேம்பெல் அந்தப் பேச்சைக் கதையின் இலக்கணமாகவே ஆக்கினார். அவர் இதழின் மாதிரிக் கதை இப்படி இருக்கும்: ஒரு பொறிஞர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்வார், தேவையான தகவல்கள் எல்லாம் வாசகரின் கண்ணெதிரே வைக்கப்பட்டிருக்கும், கடைசிப் பக்கத்தில் பொறிஞர் ஒரு வழியைக் கண்டுபிடிப்பார், அதை முன்கூட்டியே கண்டுபிடித்த வாசகர் மகிழ்ந்துபோவார், கண்டுபிடிக்காதவர் ‘ப்ராஸ் டாக்ஸ்’ என்ற கடிதப் பகுதிக்கு எழுதிச் சண்டை போடுவார்.

ஹால் கிளெமென்ட் இதை ஒளிவுமறைவின்றி ஒரு விளையாட்டு என்றே சொன்னார். அவருடைய ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ 1953-இல் அதே இதழில் தொடராக வந்தது. அதன் களமான மெஸ்க்லின் என்ற கோள் மிக வேகமாகச் சுழல்வதால் தட்டையாகிப்போன ஒன்று. அதன் ஒரு நாள் சுமார் பதினெட்டு நிமிடம். நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப்போல மூன்று மடங்கு, துருவத்தில் ஏறக்குறைய எழுநூறு மடங்கு. தொடர் வந்துகொண்டிருக்கும்போதே, அந்தக் கோளை எப்படிக் கணக்கிட்டு உருவாக்கினார் என்பதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அதில் அவர் விதித்த ஆட்டவிதி எளிமையானது: ஆசிரியர் தவறே இல்லாமல் எழுத முயல வேண்டும், வாசகர் எத்தனை தவறு முடியுமோ அத்தனையையும் பிடிக்க வேண்டும். பின்னாளில் எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்து, அந்தக் கோளின் நடுக்கோடு அவர் சொன்னதைவிடக் கூர்மையாக இருந்திருக்கும் என்று காட்டினார்கள்.

இந்த வாசகர்களின் கையில்தான் அடுத்த ஆண்டு காட்வினின் கதை விழுந்தது. அவர்கள் வழக்கம்போலவே வழியைத் தேடிக்கொண்டு படித்தார்கள். பெண் கடிதம் எழுதும்போது தேடினார்கள். அண்ணனோடு பேசும்போது தேடினார்கள். நெம்புகோல் வரைக்கும் தேடினார்கள். வழி இல்லை என்று தெரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி, அந்தத் தேடலால் உண்டானது. காட்வினே முதலில் வேறு மாதிரிதான் எழுதியிருந்தார் என்று ஒரு செய்தி உண்டு. பெண்ணைக் காப்பாற்றும் வழிகளை அவர் விடாமல் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததால், கதையை மூன்று முறை திருப்பி அனுப்ப நேர்ந்தது என்று கேம்பெல் தம்மிடம் சொன்னதாக எழுத்தாளர் ஜோசப் கிரீன் பதிவு செய்திருக்கிறார். எழுதியவரின் கையே காப்பாற்றத் துடித்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, நெய்தல் வாசகியின் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்தப் பெண்ணின் மரணத்தை முடிவு செய்தது இயற்பியல் இல்லை. ஓர் இதழாசிரியரின் மேசை.

எனவே, அரைநிலவு, இழைகோலோடு உட்காருவது இந்தக் கதைக்கு வெளியிலிருந்து வந்த கெட்ட பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் உள்ள வாசகர் இல்லாவிட்டால், 1954-இல் இந்தக் கதை அந்த அளவுக்கு வலித்திருக்காது.

பழைய பொறிஞர் எழுதியது:

இதழ்ப் பரண் ஐயா எம்ஐடி மாணவர்களைக் குறிப்பிட்டதால், அவர்கள் செய்த இன்னொரு செயலையும் சொல்லிவிடுகிறேன். லாரி நிவென் 1970-இல் ‘ரிங்வேர்ல்ட்’ நாவலை எழுதினார். ஒரு விண்மீனைச் சுற்றி, பூமி சூரியனிலிருந்து இருக்கும் தொலைவில், ஒரே துண்டாக அமைந்த மாபெரும் வளையம். அதன் உட்புறத்தில் கடல்களும் மலைகளும் மக்களும். 1971-இல் பாஸ்டனில் நடந்த உலக மாநாட்டில் அந்த நாவலுக்கு அறிபுனைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. அதே மாநாட்டின் கூடங்களில் மாணவர்கள் ‘வளைய உலகம் நிலையற்றது’ என்று முழக்கமிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஒரு கோள் தன் பாதையில் சுற்றுவதைப் போன்றதில்லை இந்த வளையம். அது சற்றே ஒரு பக்கம் நகர்ந்தாலும், அந்த நகர்வு கூடிக்கூடிக் கடைசியில் விண்மீனில் உரசிவிடும். சனிக்கோளின் வளையம் ஒரே திடப்பொருளாக இருக்க முடியாது என்று மேக்ஸ்வெல் 1859-இல் காட்டியதும் இதே காரணத்தால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது நிவென் செய்ததை. அவர் முகம் சுளிக்கவில்லை. வளையத்தின் விளிம்பில் அதை நிலைப்படுத்தும் எஞ்சின்கள் இருந்தன என்றும், அவற்றில் பலவற்றை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றும், ஆகவே அந்த உலகம் அழியப்போகிறது என்றும் ஓர் அடுத்த நாவலையே எழுதினார். மாணவர்கள் பிடித்த தவறு அந்த நாவலின் கதைக்கருவாயிற்று. முதல் நாவலின் முதற்பதிப்பில் பூமி தலைகீழ்த் திசையில் சுழன்றதையும் பிந்தைய பதிப்புகளில் திருத்திக்கொண்டார்.

வாசகரின் இந்தக் கண்டிப்பில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. தவறு கண்டுபிடிக்கும் அளவுக்கு ஒரு கற்பனை உலகத்தை உண்மையென்று எடுத்துக்கொள்வதைவிட எழுத்தாளருக்கு வேறென்ன மதிப்பு செய்ய முடியும்?

நெய்தல் வாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆனால் மெஸ்க்லினில் பிடித்த தவறும், வளைய உலகத்தில் பிடித்த தவறும், மர்லினின் கலத்தில் நான் பிடிக்கும் தவறும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் இரண்டும் கணக்குப் பிழைகள். கணக்கைத் திருத்தினால் கதை இன்னும் வலுவாகிறது. மூன்றாவது கணக்கில் இல்லை; எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வில் இருக்கிறது. பெண்ணின் எடை சேர்க்கப்பட்டது. பூட்டு போடாத அதிகாரியின் பொறுப்பு சேர்க்கப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒளிந்திருந்தவர் ஓர் ஆணாக இருந்திருந்தால் இதற்குள் வேலை முடிந்திருக்கும் என்பதைக் கதையே ஒத்துக்கொள்கிறது. அவள் பெண் என்பதாலும், சிறியவள் என்பதாலும், மலிவான போலிக்கற்கள் பதித்த வெள்ளைச் செருப்பு போட்டிருக்கிறாள் என்பதாலும்தான் விமானி தயங்குகிறான், தாய்க்கலத்தின் தலைவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவகாசம் தருகிறார், நாமும் அழுகிறோம். அந்தச் செருப்பை விவரிக்கும் வரிகள் மிகவும் நுட்பமானவை. அவை இல்லாமல் கதை நிற்காது. ஆனால் அவளுடைய அறியாமையைக் கதை ஒரு குற்றமாகவும் வைத்துவிடுகிறது: எல்லைப்புறத்து ஆண்களுக்கு விதிகள் தெரியும், பூமியிலிருந்து வந்த இந்தச் சிறுமிக்குத் தெரியவில்லை, ஆகவே சாகிறாள். தெரியப்படுத்த வேண்டியவர்கள் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ‘அனுமதி இல்லை’ என்றதற்குப் பதில் ‘ஏறினால் மரணம்’ என்று அதே பலகையில் எழுதியிருந்தால், கதையே இல்லை.

என் குறுநாவலில் நான் அஞ்சுவது இதைத்தான். ஐந்தாவது ஆளாக ஒரு முத்துக்குளிப்பவரின் மகளை வைத்திருக்கிறேன். அவளைச் சாகவிட்டு, கடல்மேல் பழிபோட்டுவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது.

தூண்டில் எழுதியது:

இழையை முழுவதும் படித்துவிட்டு வருகிறேன். இந்தக் கதையின் மீதான விமர்சனத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை கட்டுரைகள் இல்லை. மற்ற எழுத்தாளர்கள் பதிலாக எழுதிய கதைகள். அறிபுனையில் இது நெடுங்கால வழக்கம். ஒருவர் ஒரு கதையால் ஒரு கேள்வியை வைக்கிறார். இன்னொருவர் பல ஆண்டுகள் கழித்தும் இன்னொரு கதையால் பதில் சொல்கிறார். புலவர்கள் வெண்பாவுக்கு வெண்பாவால் விடை சொன்ன மரபில் வந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

டான் சேக்கர்ஸ் 1991-இல் ‘தி கோல்ட் சொல்யூஷன்’ என்ற சிறுகதையை எழுதினார். ‘அஸ்டவுண்டிங்’ 1960-இல் ‘அனலாக்’ என்று பெயர் மாறியதல்லவா, அதே இதழில்தான் இதுவும் வந்தது. அதே நெருக்கடி, ஆனால் எடையைக் குறைக்க, உடலின் உறுப்புகளை வெட்டி வெளியே எறிந்து, உயிர்களைக் காப்பாற்றுகிறார்கள். கணக்கு சற்றும் மாறவில்லை. ‘ஓர் ஆள் முழுதாக இருக்க வேண்டும், இன்னோர் ஆள் முழுதாகப் போக வேண்டும்’ என்று காட்வின் யாரும் கேள்வி கேட்காமல் வைத்திருந்த நிபந்தனையை மட்டும் சேக்கர்ஸ் அகற்றினார். படிக்கக் குமட்டுகிற கதை அது. ஆனால் பழைய பொறிஞர் கேட்ட அந்த முயற்சி அதில் நடக்கிறது.

ஜேம்ஸ் பேட்ரிக் கெல்லி 1995-இல் எழுதிய ‘திங்க் லைக் எ டைனோசர்’ இதைவிட ஆழமாக வெட்டுகிறது. மறு ஆண்டு ஹ்யூகோ விருது பெற்றது. அதில் வரும் பெண்ணின் பெயர் கமலா சாஸ்திரி. டைனோசர் போன்ற தோற்றம் கொண்ட வேற்றுலகத்தார் மனிதர்களுக்கு ஒரு தொலைப்பெயர்ச்சிக் கருவியைக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒருவரின் நகலைத் தொலைதூர விண்மீனுக்கு அனுப்பும். இங்கே எஞ்சி நிற்கும் மூல உடல் அழிக்கப்பட வேண்டும். அதைத்தான் அவர்கள் சமன்பாட்டைச் சமன் செய்வது என்கிறார்கள். ஒருமுறை நகல் போய்ச் சேர்ந்த செய்தி தாமதமாக வருகிறது. அதற்குள் மூலக் கமலா கருவியிலிருந்து வெளியே வந்து, உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நிலையத்தில் வேலை பார்க்கும் மைக்கேல் அவளை நயமாகப் பேசிக் காற்றடைப்பு அறைக்குள் அழைத்துச் சென்று வெளியே தள்ளுகிறான்.

காட்வினின் கதையில் விமானிக்கு வேறு வழி இல்லை என்று கதை அடித்துச் சொல்கிறது. கெல்லியின் கதையில் மைக்கேலுக்கு வழி இருக்கிறது. இரண்டு கமலாக்கள் உயிரோடு இருந்தால் எந்தக் கலமும் விழுந்துவிடாது. சமன்பாடு இயற்கையினுடையது இல்லை, அதைக் கொடுத்தவர்களுடையது. அவர்களின் நன்மதிப்பை இழக்காமல் இருக்க ஒரு சாதாரண மனிதன் கொலை செய்கிறான். கடைசியில் அந்த டைனோசர்களைப் போலவே சிந்திக்கக் கற்றுக்கொள்கிறான். நெய்தல் வாசகி கேட்ட ‘யார் கணக்கில் எதைச் சேர்த்தார்கள்’ என்ற கேள்வியைக் கெல்லி ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் கதையாகவே ஆக்கிவிட்டார். மூலக்கதையைப் படித்தவருக்கு இது இரட்டிப்பாக வலிக்கும்; படிக்காதவருக்கும் தனியாக நிற்கும்.

அரைநிலவு எழுதியது:

தூண்டில் சொன்ன கதைகளை நேற்றிரவு படித்தேன். கெல்லியின் கதை என்னைக் கலங்கடித்துவிட்டது. இருந்தாலும் என் நிலைப்பாட்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தப் பதில் கதைகள் பிறந்ததே முதல் கதை அவர்களைத் தூங்கவிடாமல் செய்ததால்தான். அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கத்தார் 1965-க்கு முந்தைய சிறந்த கதைகளை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபோது இந்தக் கதையையும் தேர்ந்தார்கள். 1970-இல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் இது இருக்கிறது. வாக்களித்தவர்களுக்கு அந்தத் தாழ்ப்பாள் தெரியாமலா இருந்திருக்கும்? ஓட்டை இல்லாத எத்தனையோ கதைகள் அந்த இதழ்களின் கட்டுகளுக்குள்ளேயே மறைந்துபோயின. அவற்றில் யாரும் பூனைக்குட்டியைப் பற்றிப் பேசவில்லை.

ரசிகர்கள் எல்லோரும் ஓட்டை தேடுபவர்களாக மட்டும் மாறிவிட்டால், எழுதுகிறவர்கள் அடைப்பு வேலையிலேயே காலத்தைக் கழிப்பார்கள். இன்று வெளிவரும் பல நாவல்களில் முதல் ஐம்பது பக்கம் வாசகரின் ஆட்சேபங்களுக்கு முன்கூட்டியே சொல்லும் சமாதானங்களாக இருக்கிறது. ஓர் உலகத்தின் ஆட்சிமுறை, நாணயம், ஆற்றல் மூலம் எல்லாம் விளக்கப்பட்டுவிடும். அதில் வாழும் ஒருத்தியின் குரல் மட்டும் அறுபதாம் பக்கம் வரை கேட்காது.

இதழ்ப் பரண் எழுதியது:

அரைநிலவின் எச்சரிக்கையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. அடைக்க வேண்டியதும் இல்லை. எந்த ஓட்டையின் வழியாகக் கதையின் பாரம் கசிந்துவிடுமோ அதை மட்டும் அடைத்தால் போதும். வளைய உலகம் நிலையற்றதாக இருந்தும் முதல் நாவல் ஏன் நின்றது? அந்த நாவலின் இன்பம் வளையத்தின் நிலைத்தன்மையில் இல்லை. அதன் பிரமாண்டத்தைக் கண்டு வியந்து அலைவதில் இருக்கிறது. காட்வினின் கதையில் ‘வேறு வழியே இல்லை’ என்பது மட்டும்தான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. அந்த ஒரு தூணில் விரிசல் இருந்தால் வாசகர் மன்னிக்க மாட்டார், மன்னிக்கவும் கூடாது.

நெய்தல் வாசகிக்கு நேரடியாகச் சொல்கிறேன், அம்மா. உங்கள் தோழியர் ‘ஏன் இன்னொரு படகு வரவில்லை?’ என்று கேட்டது நல்ல செய்தி. அதற்கு நீங்கள் புயலைப் பதிலாகச் சொன்னால், ஒரு ஓட்டையை அடைத்திருப்பீர்கள். இரண்டாவது படகுக்கான செலவைப் போன ஆண்டே ஒருவர் வெட்டிவிட்டார் என்று சொன்னால், கதைக்கு இன்னொரு மனிதர் கிடைத்துவிடுவார்.

நெய்தல் வாசகி எழுதியது:

அந்த மனிதர் கைப்பிரதியில் ஏற்கெனவே இருக்கிறார், ஐயா, நிலையத்தின் பொறுப்பாளர். நான்கு பேரில் அவரும் ஒருவர். உதிரிக் காற்று உருளைகளுக்கான கோரிக்கையைத் திருப்பி அனுப்பிய தாளில் அவருடைய கையெழுத்து இருப்பதாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. என் தயக்கம் அந்தத் தாளை எங்கே வைப்பது என்பதில்தான். அந்தப் பெண் நிலையத்துக்குள் வருவதற்கு முன்பே வாசகருக்குத் தெரிய வேண்டுமா, அல்லது காற்று குறைந்த பிறகு யாராவது ஒரு கோப்பைத் திறக்கும்போது தெரிய வேண்டுமா?

தூண்டில் எழுதியது:

முன்பே வைத்துவிடுங்கள், சகோதரி. பின்னால் வைத்தால் அது ஒரு திருப்பமாகிவிடும். வாசகர் வில்லனைக் கண்டுபிடித்த திருப்தியில் அந்தப் பெண்ணை மறந்துவிடுவார். முன்பே, அதுவும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு சாதாரண நாளில், மற்ற கோரிக்கைகளோடு சேர்த்து அவர் அதைத் திருப்பி அனுப்பட்டும். கையெழுத்திடும்போது அவருக்கு நியாயமான காரணமும் இருக்கட்டும். நிலையத்தில் நான்கு பேருக்கு மேல் யாரும் தங்கியதே இல்லை என்பது அவருக்குப் போதுமான காரணம்தான். பிறகு காற்றுக் கணக்கு போடும் காட்சியில் அவரே அந்தக் கணக்கை உரக்கப் படிக்கட்டும். பழைய பொறிஞர் கேட்ட முயற்சியையும் விட்டுவிடாதீர்கள்: எதை நிறுத்தினால் எத்தனை நிமிடம் காற்று மிச்சமாகும் என்று அந்த ஐந்து பேரும் சேர்ந்து தேடட்டும், அந்தப் பெண்ணும் தேடட்டும். முத்துக்குளிப்பவரின் மகள் என்றால் மூச்சடக்குவதைப் பற்றி அங்கிருக்கும் மற்ற நால்வரையும்விட அவளுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அவள் சொல்லும் யோசனை எதுவாக இருக்கும் என்பதை எழுதிப் பார்த்துவிட்டு, அந்த அத்தியாயத்தை இங்கேயே பதிவிடுங்கள்.